வானத்து ஒற்று: மறைதலும் காண்டலும் உரைத்தலும்

அரசியலுக்கு இன்றியமையாதவற்றை வகுத்துரைத்த நம் முன்னோர் ஒற்றினையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினர். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல் என்னும் பெயரால் அமைந்திருத்தலை யாவரும் அறிவர். ஒற்றனுக்குரியனவாக அவ்வதிகாரம் கூறும் பண்புகளைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று தலையாயினவாக விளங்கும். கண்டார் ஐயுறாத தோற்றம் வேண்டும்; பிறர் மறைத்தவற்றை அறியும் ஆற்றல் வேண்டும்; அறிந்ததைப் பகைவர் அறியாவண்ணம் தன் அரசனிடம் சேர்க்கும் உறுதி வேண்டும். சுருங்கக் கூறின், மறைதல், காண்டல், உரைத்தல் என்னும் மூன்றும் ஒற்றின் தொழில்களாம்.

இத்தொழில் இற்றைநாளில் விண்வெளிக்கு ஏறியுள்ளது. படைக்கலம் எதனையும் தாங்காது, நிலத்தையும் கடலையும் மேலிருந்து நோக்கிக்கொண்டும், ஓரிடத்துச் செய்தியைப் பிறிதோரிடத்துக்கு அஞ்சல் செய்துகொண்டும் உலவும் செய்மதிகள் பல உள. அவற்றுள் சிலவற்றைப் பிறர் கண்ணுக்குத் தோன்றாதபடி அமைக்கவும் அறிவியலார் முயன்றுள்ளனர். மறைந்திருந்து கண்டு, கண்டதை உரைக்கவும் வல்ல ஒரு கலத்தை அமைத்தல் இயலுமா? இயலுமெனின் எவ்வளவுக்கு இயலும்? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. 1942 இலும் 2004 இலும் கீழ்க்கடலில் நெடுந்தொலைவில் எழுந்த கேடு திருகோணமலையை நோக்கி வந்தது. அதனைக் கண்டவர் எவர், கண்டது நமக்கு உரைக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தே அந்நாட்களில் இக்கரையோர மக்களின் உயிர் நின்றது.

உயரமும் பார்வையும்

உலகம் உருண்டையாதலின் நம் பார்வைக்கு எல்லை உண்டு. கடற்கரை மணலில் நிற்கும் ஒருவனுக்கு அடிவானம் ஐந்து கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே முடிந்துவிடும். அவனே நூறு மீற்றர் உயரமுள்ள ஒரு குன்றின்மேல் ஏறுவானாயின் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் வரை காண்பான். துறைமுகங்களைக் காக்க விழைந்தோர் யாவரும் கடலை நோக்கி நீண்ட குன்றுகளைத் தேடிக் கோட்டை கட்டியதன் காரணம் இதுவேயாகும். கோணேசர் மலையடியில் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்ததும், அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனை விடாது காத்ததும் இவ்வுண்மையை அறிந்தேயாம்.

உயரத்தை மேலும் கூட்டிப் பார்ப்போம். 500 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் ஒரு செய்மதிக்கு, தனக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து எத்திசையிலும் ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் வரை உலகின் முகம் தோன்றும். திருகோணமலைக்கு நேர்மேலே அது நிற்குமாயின் வங்காள விரிகுடா முழுவதும் அதன் பார்வைக்குள் அடங்கிவிடும். ஆயினும் அஃது அங்கே நிற்க இயலாது. அவ்வுயரத்தில் ஒரு பொருள் விழாதிருத்தற்குச் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தை ஒட்டிய நேரத்தில் உலகை ஒருமுறை சுற்றும் அச்செய்மதி, நம் துறைமுகத்தைக் காணக்கூடிய நேரம் ஒரு சுற்றில் சில நிமிடங்களே.

மேலும் உயரச் சென்றால் சுற்றும் காலம் நீளும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி உலகைச் சுற்றும் காலமும் உலகம் தன்னைத்தான் சுற்றும் காலமும் ஒன்றாகின்றன. ஆதலின் அது நமக்கு ஓரிடத்திலேயே அசையாது நிற்பதுபோலத் தோன்றும். நில்லாது காவல் புரிதற்கு இவ்வுயரம் பொருத்தமானதெனத் தோன்றினும் ஒரு குறை உண்டு. 300 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தெளிவாகத் தோன்றும் ஒரு படகு, அதே கருவிக்கு 36,000 கிலோமீற்றரிலிருந்து 120 மடங்கு தெளிவு குன்றித் தோன்றும். எனவே நுணுகிக் காணவேண்டிய கண் தாழப் பறத்தல் வேண்டும். இடைவிடாது செய்தி உரைக்கவேண்டிய வாய் உயர நிற்றல் வேண்டும். காண்டலும் உரைத்தலும் இயல்பாகவே இருவேறு இடங்களை வேண்டி நிற்றலை மாணாக்கர் மனத்திற் கொள்க.

1942இல் உரைத்தவர் பட்டது

செய்மதிகள் தோன்றுமுன் இக்கடலில் வேவு பார்த்தவை வானூர்திகளே. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா என்னும் நீர்விமானம் ஒன்று, இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில் யப்பானியரின் பெருங்கடற்படை வருதலைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடிய வான்படையின் இலெனாட் பேர்ச்சல் என்பவர். முகிலுக்குள் ஒளிந்து அவர் தப்பியிருத்தல் கூடும். கப்பல்களை எண்ணியறிதற்காக அவர் மேலும் நெருங்கினார்; கண்டதை வானொலி வழியே அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே யப்பானியப் போர் விமானங்கள் அவ்வூர்தியை வீழ்த்தின. உயிர் பிழைத்தோர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கொழும்பை அடைந்துவிட்டது. மறுநாட் காலையில் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அவர்கள் அழிக்கக் கருதிய கப்பல்களுட் பல அங்கு இருக்கவில்லை.

ஏப்பிரல் 8ஆம் நாள் அப்படை திருகோணமலையை நோக்கி வருதலை மற்றொரு கட்டலினா கண்டு கூறியது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. 9ஆம் நாட் காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. கடலுக்குச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், காக்கும் விமானம் இன்றி, மட்டக்களப்புக்கு அப்பால் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. அன்று காலை பகைக் கப்பல்களைக் கண்டு செய்தி உரைத்த இன்னொரு கட்டலினாவும் வீழ்ந்தது. அதிலிருந்தோர் எவரும் மீளவில்லை.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஒற்று வாய்திறக்கும் கணமே அதற்கு இடர்மிக்க கணம். வானொலி அலை வேண்டியவர் செவிக்கு மட்டும் செல்வதன்று. திசையறி கருவி கொண்டு கேட்கும் பகைவனுக்கும் அஃது ஒற்றன் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உரையாதிருப்பின் மறைந்திருக்கலாம், ஆனால் கண்டதனாற் பயனில்லை. உரைத்தாற் பயனுண்டு; ஆனால் மறைவு நீங்கும். பின்னாளில் விண்ணில் ஏறிய ஒற்றுக்களும் இச்சிக்கலைத் தம்மோடு கொண்டே ஏறின.

விண்ணில் ஏறிய கண்

1960ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் சோவியத்து ஒன்றியத்தின் மேலே மிக உயரத்திற் பறந்த யூ-2 என்னும் அமெரிக்க வேவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அயல்நாட்டு வானெல்லையில் விமானம் புகுதல் உரிமை மீறலாகும் என்பது உலக வழக்கு. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலேயே கொரோனா என்னும் மறைபெயர் கொண்ட செய்மதித் திட்டத்தின் முதல் வெற்றி கிட்டியது. செய்மதி படமெடுத்த சுருளை ஓர் உறையில் இட்டுக் கீழே விடுத்தது. பரவைக்கவசம் விரித்து இறங்கிய அவ்வுறையை ஒரு விமானம் பசிபிக்குக் கடலின் மேலே, வானிலேயே கொளுவிப் பிடித்தது. ஆராய்ச்சி முயற்சியெனப் பிறர்க்குக் கூறப்பட்ட இத்திட்டத்தின் உண்மை 1995 இலேயே வெளியிடப்பட்டது. மறைதற்குக் கருவியின் தோற்றம் மட்டுமன்றிப் பொய்ப்பெயரும் உதவும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கொரோனாச் செய்மதிகள் வானொலி வழியாகப் படத்தை உரைக்கவில்லை; எழுதிய ஓலையைக் கீழே எறிந்தன எனலாம். ஆதலின் காட்சிக்கும் செய்திக்கும் இடையே பல நாட்கள் கழிந்தன. படையெடுப்பு ஒன்றைச் செய்மதி கண்டிருப்பினும், சுருள் கழுவப்படுமுன் படையெடுப்பு முடிந்துவிடும். இக்குறையை நீக்கவே ஐக்கிய அமெரிக்கா 1976ஆம் ஆண்டு திசெம்பரில் கே.எச்.-11 என்னும் வகைச் செய்மதியை ஏவியது. அது காட்சியை மின்குறிகளாக மாற்றி உடனுக்குடன் அனுப்ப வல்லது. ஆனால் எங்கு அனுப்புவது? தாழப் பறக்கும் அச்செய்மதி பகைநாட்டின்மேல் இருக்கையில் அதன் சொந்த நாட்டு நிலையம் உலகின் மறுபுறத்தில் அன்றோ இருக்கும்? இவ்விடத்தே அஞ்சல் என்னும் கருத்து இன்றியமையாததாகின்றது.

அஞ்சல் என்பது யாது?

அஞ்சல் நிலையம் என்பது திருகோணமலை மாவட்டத்தார்க்குப் புதிய சொல்லன்று. சேர்மனியின் டொயிச்சே வெல்லே வானொலி, தன் ஒலிபரப்பை ஆசிய நாடுகட்குச் சேர்ப்பித்தற்கென 1980களில் இம்மாவட்டத்தில் ஓர் அஞ்சல் நிலையம் அமைத்து, 2013 வரை நடத்தியது; அதன்பின் அஃது இலங்கை வானொலியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிலையத்தின் தொழில், தொலைவிலிருந்து வந்த நிகழ்ச்சியை வாங்கி, வலுவூட்டி, மீண்டும் அனுப்புதலே. அதனையே விண்ணில் நின்று செய்வது அஞ்சற் செய்மதி.

இக்கருத்தை விளங்க எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில அறிஞர். 1945ஆம் ஆண்டு ஒற்றோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் இதழில் வெளிவந்த கட்டுரையில், உலகோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்களை நிலநடுக்கோட்டின்மேல் சமதூரத்தில் நிறுவினால் அவற்றின் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என அவர் காட்டினார். அக்காலத்தில் செய்மதி எதுவும் ஏவப்பட்டிருக்கவில்லை. அவர் 1956 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 2008 இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1950களில் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங் கோயிலின் தூண்களும் கற்களும் கிடத்தலைக் கண்டு உலகறிய எழுதினர். விண்ணில் அஞ்சல் நிறுவக் கனவு கண்டவர் நம் மலையடியில் ஆழங்கடலையும் துருவினார் என்பது நம் மாணாக்கர் அறிந்திருக்கத்தக்க செய்தியாகும். கிளார்க் கூறியவாறு உலகோடு ஒத்துச் சுழன்று ஓரிடத்தில் நின்ற முதற் செய்மதி 1964 இல் ஏவப்பட்ட சின்கொம்-3 ஆகும்.

கே.எச்.-11 ஏவப்படுதற்குச் சில மாதங்கள் முன்னரே, அதே 1976 இல், அதன் செய்தியை வாங்கி அனுப்பும் அஞ்சற் செய்மதிகளையும் அமெரிக்கர் ஏவத் தொடங்கினர். அவை மிக நீண்ட நீள்வளைய ஒழுக்கில், அஃதாவது சுற்றுப்பாதையில், வடபுலத்தின் மேலே பல மணித்தியாலம் உயர நிற்குமாறு அமைக்கப்பட்டன. இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. தாழப் பறக்கும் கண், கண்ட அக்கணமே உரைக்கலாயிற்று. மேலும், அஃது உரைப்பது கீழ்நோக்கியன்று, மேல்நோக்கி. குறுகிய கற்றையாக விண்ணை நோக்கி அனுப்பப்படும் வானொலி அலையை நிலத்தில் நிற்போர் கேட்டல் அரிது. கட்டலினாவுக்குக் கிட்டாத காப்பு இவ்வாறு கண்ணையும் வாயையும் இரு கலங்களாகப் பிரித்தமையாற் கிட்டியது.

மறைதலின் எல்லை

இனி மறைதலை நோக்குவோம். ஒரு செய்மதியைப் பிறர் அறியும் வழிகள் நான்கு. சூரிய ஒளியை அது தெறிக்கச் செய்தல் ஒன்று. நிலத்திலிருந்து செல்லும் றேடார் அலையைத் தெறிக்கச் செய்தல் மற்றொன்று. தன் வெப்பத்தைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாக வெளிவிடுதல் மூன்றாவது. வானொலியில் உரைத்தல் நான்காவது.

முதல் வழியை நாமே காணலாம். மாலை மறைந்து ஒரு மணித்தியாலத்துள், அல்லது விடியற்கு முன், திருகோணமலைக் கடற்கரையில் நின்று வானத்தை நோக்குவோர்க்கு, விண்மீன்போன்ற ஒளிப்புள்ளி ஒன்று கண்சிமிட்டாது நகர்தல் புலப்படும். நாம் இருளில் நிற்கையிலும் பல நூறு கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதியின்மேல் வெயில் விழுவதே இதற்குக் காரணம். இதனை மறைத்தற்குச் செய்மதிக்குக் கருஞ்சாயம் பூசினாற் போதாதோ என மாணாக்கன் ஒருவன் வினவலாம். கரிய பரப்பு ஒளியைத் தெறிக்காமல் உறிஞ்சும். உறிஞ்சிய சத்தி எங்கே போகும்? உலகை ஒட்டிய விண்வெளியில் சூரியனை நேரே நோக்கிய ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் ஒளி ஏறத்தாழ 1,360 வாற்று. துணி அழுத்தும் மின்பெட்டி ஒன்று கொள்ளும் வலுவை அஃது ஒக்கும். வெற்றிடத்தில் காற்று இல்லையாதலின் இவ்வெப்பம் கதிர்களாகவே வெளியேறவேண்டும். எனவே ஒளியில் மறைந்த கலம் வெப்பத்தில் வெளிப்படும். சத்தி அழியாது என்னும் விதியை ஏமாற்றல் எவர்க்கும் இயலாது.

ஆதலின் அறிவியலார் ஒளியை அழிக்க முயலாது, வேறு திசைக்குத் திருப்ப முயன்றனர். கூம்பு வடிவாக ஊதிப் பெருக்கக்கூடிய கவசம் ஒன்றைச் செய்மதியின் முன்னே விரித்து, அதன்மேல் விழும் ஒளியையும் றேடார் அலையையும் உலகை நோக்கித் திரும்பாதவாறு பக்கவாட்டிற் செலுத்தும் முறையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1994 இல் புத்தாக்க உரிமை வழங்கப்பட்டது. இத்தகைய மறைவுச் செய்மதி உண்மையிலேயே ஏவப்பட்டது எனப் பலரும் கருதுவர். 1990ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆம் நாள் புறப்பட்ட அத்திலாந்திசு விண்ணோடம் மறைபொருளான ஒரு செய்மதியை விண்ணில் விடுத்தது. அதுவே மிஸ்ற்றி, அஃதாவது மூடுபனி போன்றது, என்னும் பெயரால் எழுத்தாளர் குறிப்பிடும் கலம். அது விண்ணில் உடைந்துபோயிற்று என்று செய்திகள் பரவின.

ஆயினும் அதனைக் கண்டுபிடித்தவர் எப்படையினரும் அல்லர். தொலைகாட்டியும் நேரக்கணிப்பும் கொண்டு, பொழுதுபோக்காக வானத்தை நோக்கும் அன்பர் சிலரே, அவ்வாண்டின் பிற்பகுதியில் எப்பட்டியலிலும் சேராத ஒரு கலத்தைக் கண்டனர். கனடாவைச் சேர்ந்த தெட் மொல்சான் என்பவர் அக்குறிப்புக்களைக் கணித்து, அக்கலம் பெப்ருவரியில் ஏவப்பட்டதே என்ற முடிவுக்கு வந்தார். ஒரு செய்மதியைப் பலமுறை கண்டு நேரத்தையும் திசையையும் குறித்தால், கெப்பிளரின் விதிகள் அதன் வருங்காலப் பாதையைக் கூறிவிடும். பாதையை மாற்ற எரிபொருள் வேண்டும், எரிபொருளோ அளவானது. நிலத்து ஒற்றன் ஒரு தெருவை விட்டு மற்றொரு தெருவால் நடக்கலாம்; வானத்து ஒற்றுக்கோ ஈர்ப்பு விதி இட்ட ஒரே தெருதான் உண்டு. எனவே மறைதல் என்பது விண்ணில் நிறைவாக இயலாதது. பிறர் காணும் நாளைச் சிறிது தள்ளிப்போடுதலே இயல்வது.

நம்மைச் சூழ்ந்த கண்கள்

இக்கலங்கள் யாவும் பெருவல்லரசுகளுக்கே உரியன என்று கருதற்க. நமக்கு வடக்கே உள்ள பாரத நாடு, 2008 இல் பம்பாயில் நிகழ்ந்த தாக்குதலின் பின்னர், 2009ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் ரிசாற்-2 என்னும் செய்மதியை ஏவியது. றேடார் அலைகொண்டு படமெடுப்பதாதலின் இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. 2013ஆம் ஆண்டு ஓகத்து மாதம் ஏவப்பட்ட ஜீசாற்-7, அந்நாட்டுக் கடற்படைக்கென இந்து சமுத்திரத்தின் மேலே நிறுவப்பட்ட அஞ்சற் செய்மதி. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் சிறீகரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்ட எமிசாற், மின்காந்த அலைகளை அளந்தறிதற்கானது. பாரதத்திலும் கண், செவி, வாய் என்பன வெவ்வேறு கலங்களாகப் பிரிந்து நிற்றலைக் காண்க.

வானத்துக் கண்ணுக்கு நிலத்திலும் நீரிலும் துணை வேண்டும். 2022ஆம் ஆண்டு ஓகத்து 16ஆம் நாள் சீனத்தின் யுவான் வாங்-5 என்னும் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அடைந்தபோது எழுந்த பூசல் பலர்க்கும் நினைவிருக்கும். விண்கலங்களின் ஓட்டத்தைக் கடலில் நின்று பின்தொடரும் அலைவாங்கிகளைத் தாங்கிய கப்பல் அஃது. சிறிய நாடு ஒன்றின் துறைமுகத்திற்குப் பெரிய நாடுகள் ஏன் இத்துணை மதிப்பளிக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டவரும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளனர். இளம் பொறியியலாளர் இருவர் யப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றிற் பயின்று அமைத்த இராவணா-1 என்னும் மிகச்சிறு செய்மதி 2019ஆம் ஆண்டு யூன் மாதம் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து ஒழுக்கில் விடப்பட்டது. உள்ளங்கைகளுக்குள் அடங்கும் பெட்டியளவினதாயினும் அது படமெடுக்கும் கருவியைத் தாங்கியிருந்தது.

கண்டும் உரையாத நாள்

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் எழுந்தது. அதனாற் பிறந்த ஆழிப்பேரலை இரண்டு மணித்தியாலத்தளவில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. மூதூரும் கிண்ணியாவும் நிலாவெளியும் குச்சவெளியும் அன்று பட்டதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அவ்வலையை விண்ணிலிருந்து ஒரு கண் கண்டது என்பதைப் பலர் அறியார். கடல்மட்டத்தை அளந்தறிதற்காக அமெரிக்கரும் பிரான்சியரும் ஏவிய யேசன்-1 என்னும் செய்மதி, நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் வங்காள விரிகுடாவின் மேலே 1,336 கிலோமீற்றர் உயரத்திற் கடந்து சென்றது. ஆழ்கடலில் அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமே கொண்டிருந்த பேரலையை அதன் றேடார் அளந்து பதிந்தது. அவ்வளவீடு அறிஞர் கைக்கு எட்டி ஆராயப்பட்டபோது அலை கரைகளைக் கடந்து பல மணித்தியாலங்கள் சென்றிருந்தன. அச்செய்மதி எச்சரிக்கைக்காக அமைக்கப்பட்டதன்று. ஆதலின் அதனைக் குறைகூறல் தகாது. அவாய்த் தீவிலிருந்த பசிபிக்கு எச்சரிக்கை நிலையத்தார் நிலநடுக்கத்தைக் கால் மணித்தியாலத்தில் அறிந்தனர். ஆனால் இந்து சமுத்திர நாடுகளின் கரையோர மக்களுக்கு அதனைச் சேர்ப்பிக்கும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. 1942 இல் கண்டவர் தம்முயிரை ஈந்தும் உரைத்தனர். 2004 இல் கண்கள் பல இருந்தும் வாய் இருக்கவில்லை.

இப்படிப்பினை வீண்போகவில்லை. இன்று இந்து சமுத்திரத்தின் ஆழத்தில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. அவை அறிந்ததை மேலே மிதக்கும் மிதவை வாங்கி அஞ்சற் செய்மதிக்கு அனுப்ப, அச்செய்மதி எச்சரிக்கை நிலையங்கட்குச் சேர்ப்பிக்கும். பாரதம், அவுத்திரேலியா, இந்தோனீசியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் 2011 முதல் இந்து சமுத்திர நாடுகட்கு எச்சரிக்கை வழங்கி வருகின்றன. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநிலநடுக்கம் எழுந்தபோது நம் கரையோர மக்கள் முன்னரே மேட்டுநிலம் சென்றனர். அன்று பேரழிவு அலை வரவில்லையாயினும் செய்தி வந்தது.

முடிவுரை

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, அணுப்படைக்கலங்களையும் அவைபோன்ற பேரழிவுப் படைக்கலங்களையும் ஒழுக்கில் நிறுத்துதலைத் தடுக்கின்றது. படைக்கலமின்றி நோக்குதலைத் தடுக்கவில்லை. எனவே நம் துறைமுகம் மேலிருந்து பார்க்கப்படுதலை எச்சட்டமும் நிறுத்தாது. நாம் கேட்கத்தக்கது, கண்டதை எமக்கும் உரைப்பீர்களா என்பதே. 1986ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற தொலையுணர்வுக் கோட்பாடுகளுள் ஒன்று, இயற்கைப் பேரிடரால் தாக்குறும் நாட்டுக்கு, அல்லது தாக்குறக்கூடிய நாட்டுக்குப் பயன்படும் செய்தியைச் செய்மதி வழி அறிந்த நாடு இயன்றளவு விரைவில் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. அக்கோட்பாடு எழுத்தில் இருந்தும் 2004 இல் நம்மைக் காக்கவில்லை. கோட்பாட்டுக்குக் கருவியும் ஒழுங்கும் துணை நின்ற பின்னரே அது பயன் தந்தது.

இயற்கையால் வரும் கேட்டுக்கு மட்டுமன்றி மனிதரால் வரும் கேட்டுக்கும் இது பொருந்தும். 2009 இல் வன்னியில் நிகழ்ந்த போரின் இறுதி மாதங்களில் செய்தியாளர் செல்ல இயலாதிருந்த கரையோரத்தைச் செய்மதிகள் படமெடுத்தன. ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் அப்படங்கள் சான்றுகளுள் ஒன்றாக இடம்பெற்றன. பிற்காலத்தில் அவை சான்றாயினவேயன்றி அன்று அங்கு நின்றோர்க்குக் காவலாகவில்லை.

மேற்கூறியவற்றால், வானத்து ஒற்றின் மூன்று தொழில்களுள் மறைதல் நிறைவாக இயலாதது என்பதும், காண்டல் பெரிதும் கைவந்துவிட்டது என்பதும், உரைத்தலே, அதனினும் எவர்க்கு உரைத்தல் என்பதே, இன்னும் தீராத வினா என்பதும் பெறப்படும். முதலிரண்டும் பெளதிகம் பயில்வார்க்கு உரியன. மூன்றாவது நாட்டை ஆள்வார்க்கும், அவரைத் தெரிவு செய்யும் நமக்கும் உரியது. ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கித் தெளிதல் வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் அறிவுரைகளுள் ஒன்று. தனக்கெனக் கண் இல்லாத நாடு அயலார் கூறுவதை அப்படியே ஏற்க நேரும். மிகச்சிறு பெட்டியளவில் தொடங்கிய நம் நாட்டு முயற்சியை இம்மாவட்டத்து மாணாக்கரும் பயின்று வளர்ப்பார்களாயின், கீழ்க்கடலில் எழுவதை நாமே கண்டு, நமக்கு நாமே உரைக்கும் நாள் வருதல் கூடும்.